கால இயந்திரத்தை ப்ராக் மெட்டல் ஆல்பமாக்குவது எப்படி

தாளக் கணக்கில் விளையாடும் கனத்த ராக் வகையான ப்ராக் மெட்டலில் முழு ஆல்பமும் ஒரே கதை சொல்ல வேண்டுமென்றால் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில்) தொடங்காதீர்கள், கதையில் தொடங்குங்கள். எச். ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'கால இயந்திரம்' இதற்குத் தோதானது. அவர் இறந்தது 1946. இந்தியாவில் பதிப்புரிமை அதன்பின் 60 ஆண்டுதான், எனவே 2006-ஓடு முடிந்தது. தமிழ் மொழிபெயர்ப்புக்கு மட்டும் தனி உரிமை உண்டு. அதிலிருந்து வரிகளை எடுக்காமல் மூலத்தைப் படித்துச் சொந்தமாக எழுதுங்கள்.

வெல்ஸின் இயந்திரம் நின்ற இடத்திலிருந்தே காலத்தில் ஓடும். அதைப் புதுச்சேரியில் நிறுத்துங்கள். பின்னால் போனால் ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு. முன்னால் போனால் கடல் எதுவரை ஏறியிருக்கும் என்பது உங்கள் கற்பனை. 44 நிமிடத்துக்குள் ஆறேழு பாட்டு போதும்.

கதையில் பயணி போய்ச் சேரும் ஆண்டு 8,02,701. அந்த எண்ணையே மூல ரிஃப்பாக்குங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அத்தனை எயித் நோட் (அரைத் தட்டு நீள ஸ்வரம்). சைபர் வந்தால் ஒரு எயித் நோட் மௌனம். எட்டு, மௌனம், இரண்டு, ஏழு, மௌனம், ஒன்று: கூட்டினால் 20. ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபு நாலு ஆவர்த்தனத்தில் (சுற்றில்) கச்சிதமாக உட்காரும். ட்ரம்மர் 4/4 (ஒரு பாருக்கு எட்டு எயித் நோட்) பிடித்தால் ரிஃப் இரண்டரை பாரில் முடிந்துவிடும். இரண்டு சுற்று போய், ஐந்து பார் முடிந்த பிறகுதான் கிட்டாரும் ட்ரம்மும் சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) சந்திப்பார்கள். அந்தச் சந்திப்பில் க்ராஷ் சிம்பல் விழட்டும், அழகாக இருக்கும்.

கிட்டாரைத் தொடும் முன் எல்லோரும் கையில் தாளம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள்: தகதிமி தகஜணு, (மௌனம்), தக, தகிட தகதிமி, (மௌனம்), தா. சறுக்கும் இடம் மௌனம்தான். கம்பி கார்வையாக ஒலித்துக்கொண்டே இருந்தால் எட்டும் இரண்டும் ஒட்டிப் பத்தாகக் கேட்கும். சைபரில் இரு கைகளாலும் கம்பிகளை மூடுங்கள். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டின் ரிலீஸையும் (அது மூட எடுக்கும் நேரம்) குறைத்து வையுங்கள்.

அடிக் கம்பியை சி வரை இறக்கும் டிராப் சி டியூனிங்குக்கு, 25.5 அங்குலக் கம்பி நீளமுள்ள கிட்டாரில் அடிக் கம்பி 56 (0.056 அங்குலத் தடிமன்) போடுங்கள். வழக்கமான 46 தொய்ந்துவிடும். ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி மேலே போய் இறங்கும். தடித்த கம்பி மாட்டியதும் இன்டோனேஷனை (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்கிறதா என்பதை) திரும்பச் சரிபார்க்க வேண்டும். நம் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடையுங்கள், பதிவுக்கு முதல் நாள் புதுக் கம்பி மாட்டி இழுத்து விடுங்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ரிதம் கிட்டாரை இரண்டு தனி டேக்காக (தனித்தனியாக வாசித்த பதிவாக) வாசித்து இடம், வலம் என முழுதாகப் பிரியுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) மேடையில் வைப்பதைவிடக் குறையுங்கள். இரண்டு டேக் சேரும்போது கனம் தானாக வரும். கூடவே ஆம்புக்குப் போகாத சுத்தமான டிஐ சிக்னலையும் பதிந்து வைத்தால், டோன் பிடிக்காதபோது அதையே வேறு ஆம்பில் செலுத்தலாம், திரும்ப வாசிக்க வேண்டாம்.

கதையின் கடைசியில் சிவந்து மங்கிய சூரியன், ராட்சத நண்டுகள் ஊரும் கரை. அங்கே அதே 20 எண்ணிக்கை ரிஃப்பை நிமிடத்துக்கு 140 தட்டிலிருந்து 70-க்கு இறக்கி பேஸ் கிட்டாரில் மட்டும் வாசியுங்கள். அடியில் ஓடும் அலைச்சத்தத்தை விடியலுக்கு முன் கடற்கரைச் சாலைப் பாறைகளருகே பதியலாம். மைக்குக்கு ரோம உறை கட்டாயம், வெறும் ஸ்பாஞ்ச் அந்தக் காற்றுக்குத் தாங்காது.