அவுரி நீலச் சட்டை: வெளுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி

அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம் (இண்டிகோ) தண்ணீரில் கரையாது. நூலின் மேல் ஏடு ஏடாகப் படிந்து நிற்கும். அது போவது பெரும்பாலும் உரசலில்தான். உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்பார்கள். அவுரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கைத்தறித் துணியாக வாங்கினால், தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே கை நீளம் சுருங்கி மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடும்.

முதல் நான்கைந்து முறை வெள்ளை வேட்டியோடு போட வேண்டாம். இடுப்பு மடிப்பில் வியர்வையும் உரசலும் சேர்ந்து நீலத்தை இறக்கிவிடும். தோள்பை வார் படும் இடமும் அப்படித்தான்.

துவைக்க, ஏழெட்டுப் பூந்திக்கொட்டையை விதை நீக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, கசக்கி வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலக்குங்கள். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் தனியாகப் பத்து நிமிடம் முக்கி, அலசுங்கள். கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள். காலர் விளிம்பில் நூல் மேடாக இருப்பதால் அங்கேதான் முதலில் வெள்ளைக் கோடு விழும். விரல் நுனியால் தேய்த்தாலே அழுக்குப் போய்விடும். ப்ளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் நீலம் அழிந்தே போகும், மறுபடி சாயத்தில் முக்குவதைத் தவிர வழியில்லை.

முறுக்கிப் பிழியாமல் ஹேங்கரில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் கொடி மேல் போட்டால் மடிப்பு மட்டும் வெளுக்கும். கெட்டிக் கஞ்சி அடர்நீலத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், தண்ணீராக இருக்கட்டும். ஈரம் சற்று இருக்கும்போதே உள்பக்கமாக இஸ்திரி போடுங்கள்.