லினக்ஸ் கெர்னலில் நினைவக ஒதுக்கீட்டுப் பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் முறை

நினைவக ஒதுக்கீட்டின்போது இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் நிலைகுலைந்தால், லாக்கில் பதிவாகும் கால் ட்ரேஸின் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலின்) உச்சியில் பெரும்பாலும் நினைவகம் ஒதுக்கும் கேமாலக் அல்லது அதை விடுவிக்கும் கேஃப்ரீ என்ற பெயரே நிற்கும். அதைக் கண்டதும், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் அலகேட்டரிலேயே பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறெங்கோ ஒரு டிரைவர் கெடுத்துவைத்த நினைவகத்தை அலகேட்டர் முதலில் தொட நேர்ந்தது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். விழுந்த வரியில், பாயின்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) நல், அதாவது வெறுமை, தானா என்ற சோதனையைச் சேர்த்துவிட்டால் அன்றைக்குக் கணினி ஓடும். பிழையோ வேறோர் இடத்தில், இன்னும் புரியாத வடிவில் தலைகாட்டும். ஆகவே, தவறு நடந்த இடத்திலேயே அதை வெளிப்பட வைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

இப்படி நடப்பதற்கான காரணம் அலகேட்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்லாப் என்ற பழைய அலகேட்டர் 2024 மார்ச்சில் வெளியான 6.8 பதிப்பில் நீக்கப்பட்டதால், சிறு ஒதுக்கீடுகளுக்கு இன்று ஸ்லப் என்ற அலகேட்டர் ஒன்றே உள்ளது. அது 64, 96, 128, 192, 256 பைட் என அளவுவாரியாகத் தொகுப்புகளை வைத்திருக்கிறது. 150 பைட் கேட்கும் நெட்வொர்க் டிரைவருக்கும் 180 பைட் கேட்கும் யூஎஸ்பி டிரைவருக்கும் 192 பைட் தொகுப்பிலிருந்தே இடம் கிடைக்கலாம். விடுவிக்கப்பட்ட இடத்துக்குள்ளேயே அடுத்த காலி இடத்தின் முகவரி எழுதிவைக்கப்படுகிறது. விடுவித்த பிறகும் ஒருவர் அங்கே எழுதினாலோ, பக்கத்து இடத்திலிருந்து எல்லை மீறி எழுதினாலோ அந்த முகவரி சிதைந்துவிடும். அதே தொகுப்பில் அடுத்து இடம் கேட்பவர், தன் பங்கில் எந்தத் தவறும் இல்லாமலேயே விழுவார்.

முதல் வேலை சான்றுகளைக் காப்பது. ஊப்ஸ் செய்திகள் (கெர்னல் தன் பிழையை அறிவிக்கும் பதிவுகள்) பல வந்திருந்தால் முதலாவதை மட்டுமே நம்ப வேண்டும். டெயின்டட் என்ற வரியில் டி (D) என்ற எழுத்து இருந்தால், அதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது என்று பொருள். அந்தப் பதிவிலிருந்து முடிவுகளை எடுக்கக் கூடாது. சோதனைக் கணினியில் பேனிக்_ஆன்_ஊப்ஸ் அமைப்பை 1 ஆக வைத்துவிட்டால், முதல் அடியிலேயே கெர்னல் நின்றுவிடும். லாக்கை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோலோ நெட்கன்சோலோ இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் கடைசிச் சில வரிகள் வட்டுக்குப் போய்ச் சேராமலேயே தொலைந்துவிடும். கெர்னலை டீபக் தகவலுடன் கட்டியிருந்தால், அதன் மூலத்தோடு வரும் டீகோட்_ஸ்டேக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட், முகவரிகளைக் கோப்பும் வரி எண்ணுமாக மாற்றித் தந்துவிடும்.

அடுத்து, ஸ்லப்பின் சொந்தச் சோதனைகளை இயக்க வேண்டும். பெரும்பாலான விநியோகங்களில் இதற்குக் கெர்னலை மறுபடி கட்ட வேண்டியதில்லை. பூட் வரியில் ஸ்லப்_டீபக் என்ற அளபுருவுக்கு எஃப், இசட், பி, யு (FZPU) ஆகிய நான்கு எழுத்துகளைக் கொடுத்தால் போதும். புதிய கெர்னல்களில் அதன் பெயர் ஸ்லாப்_டீபக். இதற்குப் பின் விடுவிக்கப்பட்ட இடம் 6பி (6b) என்ற பதினறும பைட்டால் நிரப்பப்படும். ரிஜிஸ்டர் ஒன்றில் 6பி6பி6பி6பி என்று தொடர்ந்து வந்தால், பெரும்பாலும், விடுவித்த பொருளிலிருந்து படித்த பாயின்டரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். 18 அல்லது 40 போன்ற சிறிய முகவரி, ஒதுக்கீடு தோற்றதைச் சோதிக்காமல் நல் பாயின்டரின் உறுப்பைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். பாயின்டரின் மதிப்பே சரியாக 16 என்று இருந்தால், பூஜ்ய அளவுக்குக் கேமாலக் அழைக்கப்பட்டிருக்கிறது. அது நல் சோதனையில் தேறிவிடும் என்பதால், அளவைக் கணக்கிடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் தரும் ஒரு செய்தியைச் சற்று நின்று படிப்பது பலன் தரும். "முதல் பைட் 6பி என்பதற்குப் பதில் 6ஏ" என்ற பொருளில் வரும் வரி அது. 6பி-யிலிருந்து ஒன்றைக் கழித்தால் 6ஏ. அதாவது, விடுவித்த பொருளுக்குள் இருந்த ஒரு எண்ணியை யாரோ பிறகு ஒன்று குறைத்திருக்கிறார்கள். ரெஃபரன்ஸ் கணக்கில் (பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையில்), அதைக் குறைக்கும் புட் ஒரு முறை கூடுதலாக அழைக்கப்பட்டிருப்பதன் தடயமாக அது இருக்கக்கூடும். ஆனால் இரண்டு மதிப்புகளுக்கும் இடையே ஒரே ஒரு பிட்டே வேறுபடுகிறது என்பதால், பழுதான ரேமும் இதே தோற்றத்தைத் தரும். பொருளின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே தொலைவில் இந்த மாற்றம் நிகழ்ந்தால் பிழை நிரலில் உள்ளது. அந்தத் தொலைவில் எந்த உறுப்பு இருக்கிறது என்று பாஹோல் கருவியில் பார்த்தால் எண்ணியின் பெயரும் தெரியும். தொடர்பில்லாத பொருள்களில் ஆங்காங்கே நிகழ்ந்தால், நிரலை ஆராய்வதற்கு முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும்.

ஸ்லப்பின் சோதனைகள் சேதம் நடந்து முடிந்த பிறகே சொல்லும். நடக்கும் கணத்திலேயே பிடிக்க கேசான் வேண்டும். 2015-இல் 4.0 பதிப்பில் சேர்ந்த இந்த வசதி, ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகத்தை வைத்துக்கொண்டு, நினைவகத்தைத் தொடும்போதெல்லாம் சரிபார்க்கிறது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கும் குறிப்பிடத்தக்க வேகமும் இதற்கு விலை என்பதால், இது சோதனைக் கணினிக்கே பொருந்தும். பயனர்களின் கணினியில் மட்டும் தோன்றும் பிழைக்கு, 2021-இல் 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸ் ஏற்றது. அது சில ஒதுக்கீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைப்பதால் சுமை மிகக் குறைவு.

விடுவித்த பொருளைத் தொட்டது பற்றிய கேசான் அறிக்கையில் மூன்று ஸ்டேக்குகள் (அழைப்புப் பட்டியல்கள்) இருக்கும்: தவறாகத் தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர். பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து. தொட்டவர் ஒரு ஒர்க்கியூ ஃபங்ஷன் (பிறகு ஓட வரிசையில் போடப்பட்ட வேலை), ஒதுக்கியவர் சாதனம் இணையும்போது ஓடும் டிரைவரின் ப்ரோப், விடுவித்தவர் அது கழலும்போது ஓடும் அதே டிரைவரின் ரிமூவ் என்று வைத்துக்கொள்வோம். சாதனத்தைக் கழற்றும்போது வரிசையில் ஒரு வேலை காத்திருந்தது, அது ஓடுவதற்கு முன்பே அதன் தரவு விடுவிக்கப்பட்டது என்ற முழுக் கதையும் இந்த மூன்று பெயர்களில் அடங்கிவிடுகிறது. விடுவித்த பிறகு பாயின்டருக்கு நல் கொடுப்பது இங்கே உதவாது. வேலைக்குள் இருப்பது அதன் சொந்தப் பிரதி. ரிமூவில், புதிய வேலைகளை உருவாக்கும் இன்டரப்டை முதலில் நிறுத்தி, பிறகு டைமரை டைமர்_ஷட்டவுன்_சிங்க் கொண்டு மூடி, அதன்பின் கேன்சல்_ஒர்க்_சிங்க் அழைத்து, எல்லாம் ஓய்ந்த பிறகே கேஃப்ரீ செய்ய வேண்டும். வரிசை மாறினால், டைமர் மீண்டும் ஒரு வேலையை வரிசையில் போட்டுவிடும். டெவ்எம் வகை ஃபங்ஷனால் ஒதுக்கியதைக் கேஃப்ரீ கொண்டு விடுவிப்பதும் இதே குடும்பத்துப் பிழைதான். கெர்னல் தானாக விடுவிக்கும்போது அது இரட்டை விடுவிப்பாகிவிடும்.

ஒதுக்கீடே தோற்றுப்போகும் வழக்குகள் வேறு வகை. "தவறான சூழலிலிருந்து உறங்கும் ஃபங்ஷன் அழைக்கப்பட்டது" என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாத பூட்டை) பிடித்துக்கொண்டோ இன்டரப்டுக்குள்ளிருந்தோ, உறங்கிக் காத்திருக்க இடம்தரும் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் நினைவகம் கேட்டிருக்கிறார்கள். உடனே ஜிஎஃப்பி_அடாமிக் என்று மாற்றிவிடுவதே வழக்கம். ஆனால் அது காத்திருக்க மாட்டாது என்பதால் நெருக்கடியில் எளிதில் தோற்கும். முடிந்தவரை, ஸ்பின்லாக்கைப் பிடிப்பதற்கு முன்பே ஒதுக்கி வைத்துக்கொள்வதே சரி. ஆர்டர் 4 என்ற குறிப்புடன் பக்க ஒதுக்கீடு தோற்றால், 16 அடுத்தடுத்த பக்கங்கள், அதாவது 4 கிலோபைட் பக்கங்களில் 64 கிலோபைட், ஒரே துண்டாகக் கிடைக்கவில்லை என்று பொருள். காலி நினைவகம் ஏராளமாக இருக்கும்போதும் இது நடக்கும். ப்ராக் கோப்பகத்திலுள்ள படிஇன்ஃபோவைப் பார்த்தால் துண்டாடல் தெரியும். டிஎம்ஏ-வுக்கு (சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுகுவதற்கு) தேவைப்படாத இடமென்றால், ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டாலும் ஒதுக்கித் தரும் கேவிமாலக்குக்கு மாறி, கேவிஃப்ரீ கொண்டு விடுவிக்கலாம். எண்ணிக்கையை அளவால் பெருக்கிக் கேமாலக்குக்குக் கொடுக்கும் வரி கண்ணில் பட்டால், பெருக்கல் நிரம்பி வழிவதைச் சோதிக்கும் கேகாலக்கை அங்கே வைத்துவிட வேண்டும்.

திருத்தம் சரியா என்று அறிய, பிழையை வரவழைத்த அதே வழியைக் கேசான் இயங்கும் கெர்னலில் மீண்டும் ஓட்ட வேண்டும்; டிரைவரை ஏற்றி இறக்கும் சுழற்சியை, போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். அதன்பின் ஃபெயில்ஸ்லாப் வசதியால் ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடித்து, ப்ரோபின் நடுவில் பின்வாங்கும் ஒவ்வொரு நிரல் வழியும், எடுத்ததை எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் விடுவிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அந்த வரிகள் பல ஆண்டுகளுக்கு ஒரு முறைகூட ஓடாமல் இருந்திருக்கலாம். பேட்சின் விளக்கத்தில் கேசானின் மூன்று ஸ்டேக்குகளையும் சுருக்கிச் சேர்த்து, பிழையைக் கொண்டுவந்த கமிட்டை ஃபிக்ஸஸ் வரியில் குறிப்பிட்டால், நிலையான பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தெந்தப் பழைய கெர்னல்களுக்கு அதை எடுத்துச் செல்வது என்று முடிவுசெய்ய எளிதாக இருக்கும்.