கீல் மடங்காத பாய்மரப் படகுக்கு ராம்ப் தேடிய அனுபவம்

சியாட்டிலில் எங்களிடம் இருப்பது கேட்டலினா 22, கீலை, அதாவது படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் கனமான துடுப்பு போன்ற பகுதியை, மேலே தூக்க முடியாத வகை. மிதக்க மூன்றரை அடித் தண்ணீர் வேண்டும். எங்கள் டிரெய்லரில் கீல் தரைக்கு ஓரடி மேலே உட்காருகிறது. ஆக நாலரை அடி ஆழம். ராம்ப், அதாவது படகை நீரில் இறக்கும் சரிவுத் தளம், 13 சதவீதம் சரிந்தால், அந்த ஆழம் நீரோரத்திலிருந்து சுமார் 35 அடி தள்ளித்தான் கிடைக்கும். காரை அவ்வளவு தூரம் இறக்கவே கூடாது. அதனால் கார் மேலேயே நிற்கும்படி, டிரெய்லரின் முன்பக்கம் நீண்டு வரும் இரும்புக் குழாய் பொருத்தினோம்.

மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில், ஒரே நாளின் உச்ச ஓதத்துக்கும் தாழ்ந்த ஓதத்துக்கும் நீர்மட்டத்தில் சராசரியாக 11 அடி வித்தியாசம். ஷில்ஷோல் பக்கம் எடி வைன் ராம்புக்குப் போவதற்கு முன் அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் உயரும் நேரத்தைப் பிடிப்பேன். படகைத் திரும்ப ஏற்றும் நேரத்துக்கும் அதே கணக்கு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

புது ராம்ப் என்றால், நீர் வற்றியிருக்கும்போது படகில்லாமல் போய்ப் பாருங்கள். கான்கிரீட் எங்கே முடிகிறது என்று தெரியும். மோட்டார் படகுகளை எஞ்சின் வேகத்தில் டிரெய்லரில் ஏற்றும் இடங்களில், அந்த முனைக்கு அப்பால் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கும். சக்கரம் அதில் இறங்கினால் டிரெய்லரை வெளியே இழுப்பது பெரும்பாடு. அடி குறித்த கம்பு ஒன்று போதும், ஆழம் பார்க்க. அப்படியே தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள், பாய்மரத்தை நிமிர்த்துவதற்கு முன்பே.