லீவு விட்டும் வீட்டைவிட்டு நகராத பிள்ளைகளைக் கிளப்புவது எப்படி? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டுக்கு வீடு இதே பஞ்சாயத்துதான். "வெளியே போய் விளையாடேன்டா" என்று அம்மா கத்துவார், "வெயில் அடிக்குதும்மா" என்று கட்டிலிலிருந்தே பதில் வரும், கண் மட்டும் செல்போனை விட்டு நகராது. பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மே மாதம் அக்னி நட்சத்திரம், தெருவில் கூட்டாளி இல்லை, வெளியே போய் என்ன செய்வது என்றும் நாம் சொல்வதில்லை. அதனால் "விளையாடப் போ" என்பதை விட்டுவிட்டு கையில் ஒரு வேலையைக் கொடுத்துக் கிளப்புங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் நேரம்

காலை 6 முதல் 8, மாலை 4.30க்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் கிடக்கட்டும், கொஞ்சம் செல்போனும் பார்க்கட்டும். மதியமே சண்டை போட்டுவிட்டால் மாலையில் செருப்பை மாட்ட வைக்க முடியாது. கடற்காற்று இறங்கிவிட்டால் நம் பக்கம் மாலை நேரம் தாங்கும், காற்று வராத நாளில் 5.30 ஆகட்டும் என்று பொறுத்திருங்கள்.

முதல் வாரம்: கடையும் மொட்டை மாடியும்

தூரமாக எங்கேயும் வேண்டாம். தெருமுனைக் கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறை அவர்களுக்கே என்று சொல்லிவிடுங்கள். வாங்கி வந்த தக்காளி நசுங்கியிருந்தால் அன்றைக்கு ரசம் வையுங்கள், திட்டினால் மறுநாள் போக மாட்டார்கள். இன்னொன்று வடாம். காலையில் மாடியில் துணி விரித்துப் பிழிவதற்கு ஒரு கை, காக்காய் விரட்ட ஒரு கை. பிழியும்போதே பச்சைக் கூழைத் தின்று தீர்ப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்து ஒரு கூட்டாளி

பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி அவர் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலி, பம்பரம், ஏழாங்கல், ஏதாவது ஒன்றை மட்டும் நீங்களே குனிந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். கண்டெய்னர் லாரி ஓடும் சாலை பக்கமே வேண்டாம், உள்தெரு போதும். காத்தாடி கேட்டால் சாதா நூல்தான். மாஞ்சா பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கும், அதற்குத் தடையும் இருக்கிறது.

அப்புறம் காசிமேடு

இதற்குத்தான் லீவு சரியான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் அடைத்துக்கொண்டு நிற்கும். மரவேலை, இன்ஜின் வேலை, பெயின்ட், வலை பழுது என்று எல்லாம் அப்போதுதான் நடக்கும். பிள்ளை கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, படகுகளின் பெயரை எழுதிவரச் சொல்லுங்கள். சாமி பெயர் எத்தனை, பெண் பெயர் எத்தனை, ஒரே பெயர் இரண்டு படகுக்கு இருக்கிறதா என்று அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள். வலை பின்னுகிறவர் பக்கத்தில் போகும் முன் "அண்ணா, பார்க்கலாமா?" என்று பிள்ளையையே கேட்க வையுங்கள். வேலை மும்முரத்தில் இருந்தால் நகர்ந்துவிடுங்கள், அது அவர்கள் பிழைக்கும் இடம். ஃபைபர் படகுகள் தடைக்காலத்திலும் போய்வரும் என்பதால் காலையில் மீனும் பார்க்கலாம். மூக்கைப் பொத்துவார்கள், பொத்தட்டும். தரை வழுக்கும், வழுக்காத செருப்பு முக்கியம்.

ஒரே ஒரு கண்டிப்பு: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலில் இறங்க விடாதீர்கள், கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் ஏறவும் விடாதீர்கள். "மெரினாவில் மட்டும் ஏன் இவ்வளவு மணல்?" என்று கேட்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் சுவர் தடுத்துவிடுகிறது, அதனால் அந்தப் பக்கம் கரை அகன்றுகொண்டே போனது, நம் பக்கம் கடல் கரையைத் தின்றது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கல். நோட்டில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ரயில்

காசிமேட்டுக்கும் முகம் சுளிக்கிற பிள்ளையா, ரயிலைக் காட்டுங்கள். ராயபுரம் நிலையத்திலிருந்து 1856ல்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது, முகப்பில் இருக்கும் தூண்களை எண்ணச் சொல்லலாம். மெட்ரோ என்றால் தண்டையார்பேட்டை தாண்டியதும் சுரங்கத்திலிருந்து மேலே ஏறும், அப்போது ஜன்னலோரம் நிற்க விடுங்கள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வடிவுடையம்மன் கோவில், நடக்கத் தெம்பிருந்தால் கடலோரம் பட்டினத்தார் சமாதி. டிக்கெட் எடுப்பது, எங்கே இறங்குவது என்று பார்ப்பது எல்லாம் பிள்ளை பொறுப்பு.

எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழியில் நுங்கோ உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காயோ வாங்கிக்கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் "செல்போனைவிட இது நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கால் கழுவிவிட்டு வந்தபின், நாளைக்கு எங்கே என்று அவர்களையே கேளுங்கள். தெருமுனைக் கடைதான் என்றால், சரி, கடைக்கே போங்கள்.