கறுப்புத் தட்டு என்பதாலேயே அனலாக் ஆகிவிடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண் என்று காட்டப்படுவதை, இழையைப் பார்த்து, எந்த வீட்டிலிருந்து இறக்கியது என்று விசாரித்த பின்னரே நம்மவர்கள் விலை பேசுகிறார்கள். அதே கவனம் எல்.பி. ரெக்கார்டு எனும் நெடு இசைத்தட்டைப் புதிதாக வாங்கும்போது இருப்பதில்லை. திரைப்படத்துக்கு வருமுன் இசைத்தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பனின் ஊரில் இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வினைல் எனும் இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு என்றாலே, ஒலியை எண்களாக மாற்றும் டிஜிட்டல் கலக்காமல், அலையை அலையாகவே பதிந்த அனலாக் ஒலி என்று நம்புவதே முதல் தவறு. ஜப்பானின் டெனான் நிறுவனம் 1970களிலேயே டிஜிட்டலில் பதிவு செய்து எல்.பி. வெளியிட்டது. அனலாக் நாடாவில் பதிவானவற்றிலும் ஒரு சங்கதி உண்டு: தட்டில் பள்ளம் வெட்டும் எந்திரம், அடுத்து வரும் ஒலி எவ்வளவு பெரியது என்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் பள்ளங்களுக்கு இடையே தகுந்த இடைவெளி விட முடியும்; அதற்காக ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிஜிட்டல் கருவியை 1970களின் இறுதியிலிருந்து தட்டு வெட்டும் கூடங்கள் பல பொருத்தியதால், வெட்டும் ஊசிக்குப் போனதே டிஜிட்டல் வழியாக வந்த ஒலிதான். ஆகவே பழைய தட்டு என்பதும் உத்தரவாதம் ஆகாது.

இதன் மறுபக்கத் தவறு, டிஜிட்டலிலிருந்து செய்த தட்டு மட்டமானது என்று ஒதுக்குவது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022இல் அம்பலமானது. அதுவரை அவற்றை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்தவர்களில் தேர்ந்த காதுகள் உடையவர்களும் இருந்தனர். வாங்கியவர்களின் கோபம் நியாயமானது, ஏனெனில் உண்மை அவர்களிடம் மறைக்கப்பட்டது. ஒலியில் குறை இருந்ததாக அதற்குப் பொருளில்லை. டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு போல வரைந்து காட்டும் விளம்பரப் படமும் பிழையானது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து மாதிரி எடுக்கும் சி.டி., மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலையை முழுமையாகவே திருப்பித் தருகிறது.

பிறகு ஏன் சில தட்டுகள் சி.டி.யைவிட இனிமையாக ஒலிக்கின்றன? பெரும்பாலும் மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் இறுதி வேலை, வேறு என்பதால்தான். சி.டி.க்காக ஒலியை நெருக்கி உரக்க ஆக்கிய கோப்பை அப்படியே வெட்டாமல், கீழ்ஸ்தாயியை இடது, வலது ஒலிகளுக்கு நடுவில் நிறுத்தி, 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மையை அடக்கி, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடத்தோடு நிறுத்தினால் தட்டு நன்றாக அமையும். அதிகம் திணித்தால் ஒலி தணியும், லேபிளுக்கு அருகிலுள்ள உட்பள்ளங்களில் சிதையும்.

180 கிராம் எடை தட்டுக்கு உறுதி தரலாம், பள்ளத்தில் இல்லாத ஒலியைத் தராது. ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளந்தது என்பதைச் சொல்லும் 24 பிட் என்ற ஒட்டுச்சீட்டுக்கும் கூடுதல் விலை தர வேண்டாம், ஏனெனில் வினைலின் சொந்த இரைச்சலுக்குள் சி.டி.யின் 16 பிட் நுணுக்கமே முழுதாகத் தெரியாது.

எந்த மூலத்திலிருந்து, யார், எந்த ஆண்டில் வெட்டியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், முகப்பு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்து, லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியைப் பாருங்கள். வெட்டியவரின் குறியெழுத்துகள் பல தட்டுகளில் அங்கே கீறப்பட்டிருக்கும்.