ப்ரோலாக் நிரல் சரிதானா? ஓட்டிப் பார்க்காமலே நிரூபிக்கலாம்

ட்ரேஸரை (நிரல் ஓடுவதைப் படிப்படியாகக் காட்டும் கருவி) மூடி வைத்துவிடுங்கள். ஒரு ப்ரோலாக் நிரல் (ப்ரோலாக் என்பது தர்க்க விதிகளாகவே நிரல் எழுதும் மொழி) தப்பு விடை தராது என்று காட்ட, அது எந்த வரிசையில் ஓடுகிறது என்பது தேவையே இல்லை. ஒவ்வொரு விதியையும் தனித்தனியே தர்க்க வாக்கியமாகப் படித்தால் போதும். கணினி அறிவியலாளர் கீத் கிளார்க் 1979-இல் எழுதிய வழி இது. பட்டியல், ரிகர்ஷன் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு, இரண்டு பட்டியல்களை ஒட்டி மூன்றாவதைத் தரும் "சேர்". இதில் [_த|_அ] என்றால் தலை _த, மீதி _அ. :- என்றால் "வலப்பக்கம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை".

சேர்([], _ப, _ப).
சேர்([_த|_அ], _ப, [_த|_இ]) :- சேர்(_அ, _ப, _இ).

நான் பயன்படுத்துவது எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக். தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: ஸ்பெக் (எந்த விடை சரி என்ற வரையறை) எழுதுவது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். "மூன்றும் பட்டியல்கள், முதல் இரண்டையும் ஒட்டினால் மூன்றாவது" என்று எழுதத் தோன்றும். சரி, சேர்([], 7, 7) என்று கேட்டுப் பாருங்கள். உண்மை என்கிறது! 7 பட்டியலே இல்லையே?

உடனே முதல் விதியில் "பட்டியல்தானா" என்று ஒரு சோதனையைச் சொருகாதீர்கள். நிரலில் கோளாறு இல்லை. ஸ்பெக்தான் தேவைக்கு மேல் கேட்கிறது. இப்படித் தளர்த்துங்கள்:

இரண்டாவதோ மூன்றாவதோ பட்டியலாக இருந்தால், மூன்றுமே பட்டியல்கள். முதல் இரண்டையும் ஒட்டினால் மூன்றாவது வரும்.

7 பட்டியல் இல்லை, அதனால் அந்த நிபந்தனை அதைத் தொடுவதே இல்லை.

படி 2: விதிக்கு விதி சரிபார்ப்பது

வலப்பக்கம் ஸ்பெக்கை நிறைவேற்றுகிறது என்று வைத்துக்கொண்டு, இடப்பக்கமும் நிறைவேற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் விதி: _ப பட்டியல் என்றால், காலிப் பட்டியலோடு அதை ஒட்டினால் அதுவே வரும். முடிந்தது.

இரண்டாவது: _ப அல்லது [_த|_இ] பட்டியல் என்க. அப்படியானால் _ப அல்லது _இ பட்டியல். ஆகவே _அ, _ப, _இ மூன்றும் பட்டியல்கள்; _அ-வுடன் _ப-வை ஒட்டினால் _இ. இரு பக்கமும் தலையில் _த-வை வைத்தாலும் அது மாறாது. முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: சேர்([], [1|_அ], _அ) என்று கேட்டால், தன்னையே தனக்குள் வைத்திருக்கும் முடிவற்ற பட்டியல் ஒன்று விடையாக வரும். தர்க்கப்படி விடை "இல்லை". நிரூபணத்தில் ஓட்டை இல்லை. ஒரு மாறி தன்னையே உள்ளடக்கிய ஒன்றோடு பொருந்திவிடாமல் தடுக்கும் சோதனையான ஆக்கர்ஸ் செக், வேகத்துக்காக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பில் அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: "ஒரு விதிகூட இல்லாத நிரலும் இந்தச் சோதனையில் தேறிவிடுமே?" என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஆமாம், தேறும்! தப்பு விடை வராது என்பதை மட்டும்தான் இதுவரை காட்டினோம். வரவேண்டியது வருமா என்பதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். வரவேண்டிய விடை ஒன்றை எடுங்கள். முதல் பட்டியல் காலி என்றால் முதல் விதி பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டாவது விதி. அதன் வலப்பக்கத்தில் நிற்பதும் வரவேண்டிய விடைதான்.

அப்புறம், கேள்வி முடிவுக்கு வர வேண்டும். முதலாவதோ மூன்றாவதோ முழுப் பட்டியலாக இருந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் அதில் ஓர் உறுப்பு குறையும், எங்காவது நின்றுதானே ஆக வேண்டும். இரண்டுமே வெறும் மாறிகள் என்றால், அடுத்த விடை கேட்டு ; அழுத்த அழுத்த விடைகள் வந்துகொண்டே இருக்கும். எண்டர் அழுத்தி நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.