பகுதி நேர வருமானம் தேடும் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

கல்லூரியில் படிக்கும் பையன் இணையத்தில் பணத்தை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் நம் வாயில் முதலில் வருவது ‘பேராசை’ என்கிற சொல்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வலையில் விழும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்களில் பலர் ரீசார்ஜுக்கும் பஸ்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாமே, செமஸ்டர் ஃபீஸில் கொஞ்சமாவது நாமே கட்டலாமே என்று நினைத்தவர்கள். மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ‘தினம் 500 ரூபாய், வீட்டிலிருந்தே, படிப்பவர்களுக்கு ஏற்றது’ என்று அளவாக விளம்பரம் போடுகிறான். ‘எனக்கெல்லாம் பேராசை கிடையாது, நான் ஏமாற மாட்டேன்’ என்று தைரியமாக இருப்பதே முதல் தவறு.

‘டாஸ்க்’ வேலையை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ் வரும். ஏதோ ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய். அனுப்பினால் பணம் நிஜமாகவே வரும். அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பத்துப் பேர் ‘எனக்கு வந்துவிட்டது’ என்று மாறி மாறி ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் அதே கும்பலின் ஆட்கள். அடுத்து ‘முன்பணம் கட்டும் டாஸ்க்’. 1,000 கட்டினால் 1,300 திரும்பி வரும். 5,000 கட்டினால், ‘இதில் மூன்று கட்டம் இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் போட்ட பணமும் போய்விடும்’ என்பார்கள். பெரிய இழப்பு நடக்கும் இடம் இதுதான். போட்டதை மீட்கலாம் என்று மேலும் மேலும் போடுவார்கள். சம்பளம் தருகிறேன் என்பவன் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். போன 5,000 போகட்டும்.

இதையும் விட ஆபத்தான ஒன்றைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை: வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. ‘மச்சான், என் அக்கவுண்டில் லிமிட் முடிந்துவிட்டது, உன்னுடையதைக் கொடு, வருகிற பணத்தில் உனக்குக் கமிஷன்’ என்று ஹாஸ்டல் நண்பனோ சீனியரோ கேட்பான். சில இடங்களில் புதிய கணக்கு திறக்க வைத்து, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அதோடு இணைந்த சிம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கையில் சில ஆயிரங்களைத் தருவார்கள். சும்மா கிடக்கிற கணக்குதானே என்று பையனும் கொடுத்துவிடுகிறான்.

அந்தக் கணக்கில் வந்து விழுவது வேறு எங்கோ ஒரு முதியவரை மிரட்டிப் பறித்த பணமாக இருக்கலாம். வந்த சில நிமிடங்களில் அது அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பறந்துவிடும். புகார் பதிவானதும் போலீஸ் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும்போது, ஆதாரோடும் பான் எண்ணோடும் முகவரியோடும் கையில் சிக்குகிற முதல் ஆள் இந்தப் பையன்தான். தலைவன் எந்த நாட்டில் இருக்கிறானோ யாருக்குத் தெரியும்! கணக்கு முடங்கும், வேறு மாநிலப் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வரும், விசாரணைக்கு அங்கே போய் நிற்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பது உண்மையாகவே இருந்தாலும், கமிஷன் வாங்கியிருந்தால் அதை நம்ப வைப்பது கஷ்டம். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் இன்னொவேஷன் ஹப் தனியாக ஒரு மென்பொருளே உருவாக்கியிருக்கிறது என்றால், இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, எழுத்தில் தகவல் கொடுப்பது நல்லது.

கடன் ஆப் விஷயத்தில் நடக்கும் தவறு, கேட்கிற அனுமதிக்கெல்லாம் ‘அலவ்’ அழுத்துவது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையோ புகைப்படங்களையோ தொடக் கூடாது. கடன் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பெயர் சொல்ல வேண்டும். மொத்தச் செலவையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். கான்டாக்ட்ஸைக் கேட்கிற ஆப், கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் யாரையெல்லாம் அழைத்து அவமானப்படுத்தலாம் என்று இப்போதே பட்டியல் எடுக்கிறது. படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் அது வசூல் அல்ல, குற்றம். முறையாகப் பதிவு பெற்ற நிறுவனத்தின் வசூல் ஆட்கள்கூடக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. ஒரு ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்குவதுதான் சில ஆயிரங்களை லட்சமாக்கும் வழி.

ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. இனிப் பிரச்சினை இல்லை என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது. வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் டெலிகிராமில் சுற்றத்தான் செய்யும். அந்தச் சட்டத்தின் தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர்களுக்கும்தான், ஆடியவர்களுக்கு இல்லை. போலீஸுக்குப் பயந்து இழப்பை மறைத்துக்கொண்டிருக்கும் பையனுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

படிப்பு முடித்தவர்களுக்கு வலை வேறு மாதிரி. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், கை நிறையச் சம்பளம் என்று அழைத்துப் போய், மியான்மரின் மியாவாடி போன்ற இடங்களில் அடைத்து, நான் மேலே சொன்ன அதே டாஸ்க் மோசடியைச் செய்ய வைக்கிறார்கள். 2022-இல் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் வந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தெரிந்தவர் சொன்னார் என்பது போதாது. அந்தத் தெரிந்தவருக்கும் ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கமிஷன் போயிருக்கலாம்.

சரி, பணம் போய்விட்டது. அப்போது செய்யும் தவறுகள் இன்னும் மோசம். வெட்கத்தில் சாட் உரையாடலை அழித்துவிடுவார்கள், குழுவிலிருந்து வெளியேறிவிடுவார்கள். கையில் இருந்த ஆதாரம் போயிற்று. வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் தள்ளுவார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்கிற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே பிடித்து வைக்க வாய்ப்பு உண்டு. அது ஏடிஎம்மில் எடுக்கப்பட்ட பிறகு அழைத்துப் பெரிய பயன் இல்லை. பரிவர்த்தனை எண், தேதி, தொகை கையில் இருந்தால் போதும், மீதியை அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பிறகு பதியலாம். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வருபவன் பெரும்பாலும் அதே கும்பலின் அடுத்த ஆள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவது வழக்கமாக இருக்கிறது. புகாருக்கு வேண்டிய ஓடிபி வருவதும், ஆதாரம் இருப்பதும் அந்தப் போனில்தான். திட்டுவதை ஒரு வாரம் கழித்துக்கூட வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து 1930-ஐ அழையுங்கள். மிரட்டல் வந்துகொண்டிருந்தால் அன்று இரவு பிள்ளையைத் தனியாகத் தூங்க விட வேண்டாம். பேச்சில் விரக்தி தெரிந்தால் 14416 என்கிற டெலி மானஸ் எண் இருக்கிறது, அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.